அம்மாவின் படத்துக்கு விழுந்த மாலை

1

சென்ற மாதம் பாரிஸ் புறநகரில் நடந்த ஒரு தமிழ்ச் சங்க விழாவில் என் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அகவணக்கம் செலுத்தியது. அம்மா அந்த நேரம் வன்னியில், தர்மபுரத்தில், எங்கள் வீட்டு விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதை ஊரில் பல விதமாக உலாவுவதாகக் கேள்விப்பட்டேன். வெள்ளைக்காரரிடம் பெயர் எடுப்பதற்காகப் பெற்ற தாயையே செத்தவராக வரைந்துவிட்டேன் என்று ஒரு கதை பரந்தன் சந்தி வரைக்கும் போயிருக்கிறது. சொன்னவர்களில் ஒருவரும் என் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு சில வரிகள். நான் தர்மபுரத்துப் பிள்ளை. அம்மாவின் பெற்றோர் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து, அம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அப்பா நான் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது காய்ச்சலில் இறந்தார். எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். சித்திரம் படித்தேன், பிறகு புலமைப்பரிசில் கிடைத்து பிரான்சுக்கு வந்து சித்திரக்கதை வரையக் கற்றேன். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா முழங்காலில் நின்று என்னைப் படிப்பித்தவர். எப்படி முழங்காலில் நின்றார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

2

பிரான்சில் சித்திரக்கதை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதில்லை. வழுக்கை விழுந்த ஐயாமார் பஸ்ஸில் நின்றபடி சித்திரக்கதை வாசிப்பார்கள். ஊருக்கு ஊர் அதற்கென்று விழா வைப்பார்கள். முதல் தடவை அப்படி ஒரு விழாவுக்குப் போன நாளை நினைத்தால் இன்றும் திகைப்பாக இருக்கிறது. ஒரு பெரிய விளையாட்டு மண்டபம். நீள மேசைகள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு சித்திரக்காரர். புத்தகம் வாங்கியவர்கள் அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அவர் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் தாளிலும் கையெழுத்தோடு ஒரு படமும் வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு படத்துக்காக முக்கால் மணித்தியாலம் நிற்கிறார்கள், முறுமுறுக்காமல். வரிசை என்றால் நிவாரணமும் தண்ணீரும்தான் எனக்கு ஞாபகம் வரும். என் கைக் கோட்டுக்காக மனிதர் வரிசையில் நிற்பதைக் கண்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

மொழியாலும் தடுமாறினேன். பிரெஞ்சிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நம் வழக்கப்படி, மூக்கொழுக நின்ற நான்கு வயதுக் குழந்தையை ‘நீங்கள்’ என்று மரியாதையாகக் கேட்டேன். தாய் சிரித்தாள். அந்தப் பதற்றத்தில் அடுத்து வந்த நகரசபைத் துணைத் தலைவரை ‘நீ’ என்றுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் பெரிய அதிர்ச்சி சென்ற வருடம்தான். அது ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களாக வேடம் போட்டு வரும் விழா. தும்பிக்கை வைத்தவர்கள், அட்டை வாள் ஏந்தியவர்கள், நீல முடிக்காரிகள் எல்லாரும் என் மேசையைக் கடந்துபோனார்கள். வரிசையில் ஒரு நெட்டையான ஆள், தாடிக்காரர், என்னை நோக்கி வந்தார். அவர் என் அம்மாவாக வேடம் போட்டிருந்தார்.

பிழையாக வாசிக்கவில்லை நீங்கள். என் புத்தகத்தில் உள்ள அம்மாவின் நீலக் கவச அங்கி. அம்மாவின் கண்ணாடி முகமூடி. தலைக்கவசத்துக்குக் கீழே கறுப்புக் கம்பளி நூலில் பின்னிய இரட்டைச் சடை. கையில் அம்மா மண் கிளறும் இரும்புச் சீப்பு, அட்டையில் வெட்டி வெள்ளி நிறம் அடித்தது. நெஞ்சில், அம்மாவின் அங்கியில் உள்ள அதே இடத்தில், அம்மாவின் இரத்த வகை. அதைப் பார்த்ததும்தான் பேனையை மூடிவைத்தேன். எங்காவது ஒன்று வெடித்தால் எந்த இரத்தம் ஏற்றுவது என்று பார்ப்பதற்காக எழுதிவைக்கும் எழுத்து அது. அந்த மனிதர் மூன்று மாதமாக இந்த உடுப்பைத் தைத்தாராம். நன்றாக இருக்கிறதா என்று ஒரு பள்ளிப் பிள்ளைபோலக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது? படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். தாடி மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு என்று அம்மா பதில் அனுப்பினார்.

3

அம்மா மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறார். உங்களுக்கு அது புதினமில்லை. விடியப் புறம் லொறி வந்து சந்தியில் ஏற்றும் பெண்களை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். ஆனால் இங்கே அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பெண்களா, கையாலா என்று கேட்பார்கள். ஓம், பெண்கள்தான். ஓம், கையால்தான். ஒருவருக்கு ஒரு பாதை. ஒரு மீட்டர் அகலமான மண் கீலம் அது, இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கும். அதை ‘லேன்’ என்பார்கள். அந்த லேனில் முழங்காலில் நின்று, மண்ணைச் சீப்பால் மெல்ல மெல்ல வாரி, அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டும். பக்கத்து லேன்காரி கூப்பிடு தூரத்தில் இருப்பாள், ஆனால் கதைக்கக் கூடாது. நான் உயர்தரம் படித்த காலம் முழுவதும் அம்மா அப்படி முழங்காலில் நின்றார்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயிற்சியிலும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பெண்கள் தாங்களே ஏற்படுத்தியது. முந்தைய இரவு கெட்ட கனவு கண்டவள், அல்லது ஏதாவது சகுனப் பிழை கண்டவள், லொறியில் ஏறும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். அன்று அவளை லேனில் இறக்கமாட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற வேலை, குச்சிகளுக்கு நிறம் பூசுகிற வேலை தருவார்கள். மனம் பதறினால் கை பதறும் என்பது அவர்கள் கணக்கு. அம்மாவே ஒருமுறை, பல் விழுந்த கனவு கண்ட ஒரு புதுப் பெட்டையை மூன்று நாள் இறங்கவிடாமல் வைத்திருந்தார். எனக்குப் படித்த திமிர். மூடநம்பிக்கை என்று சொன்னேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. “மூடநம்பிக்கைதான். ஆனா எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் கால் போகேல்லை” என்றார்.

என் முதல் புத்தகம் அம்மாவின் ஒரு நாள். லொறி ஏறுவதில் தொடங்கும். முகமூடியோடு மட்டும் வரைவதென்றால் சம்மதம் என்று அம்மா சொன்னார். கண்ணாடியில் வெயில் பட்டு முகம் தெரியாதபடி அப்படியே வரைந்தேன். கடைசிப் பக்கத்தில் அவரை வரையவில்லை. முகாம் கொட்டிலில், ஆணியில் அங்கி தொங்குகிறது, வெயில் சாய்கிறது. அவ்வளவுதான். வேலை முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று நான் நினைத்து வரைந்தது. பிரெஞ்சு வாசகர் ஒருவரும் அதை வேறு விதமாக எடுக்கவில்லை.

நம் ஆட்கள் எடுத்தார்கள்.

4

பரமநாதன் அண்ணை இங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர். முப்பது வருடமாக உணவகச் சமையலறையில் நின்று உழைத்து, சனி ஞாயிறில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர். ஒரு பத்திரிகையில் என் படத்தைப் பார்த்து, எண் தேடி என்னை அழைத்தார். முதல் கேள்வி எல்லாரும் கேட்பதுதான், ஊரில எவடம். தர்மபுரம் என்றேன். “அது சரி தங்கச்சி, பூர்வீகம்?” என்றார். தர்மபுரம்தான் என்றேன். அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். பிறகு சங்கத்தின் ஆண்டு விழாவில் என்னைக் கௌரவிக்க விரும்புவதாகச் சொன்னார். புத்தகத்தின் அட்டைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து மேடையில் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றேன்.

உடனே அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தன் அணிக்குச் சொல்லிவிட்டார். அணித் தலைவி சாந்தி அக்காவும் மற்ற நான்கு பேரும் விழாவன்று இரவுச் சாப்பாட்டை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நேரலையைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அம்மா ரொட்டியும் சம்பலும் செய்தாராம்.

புத்தகம் பிரெஞ்சில் இருப்பதால் பரமநாதன் அண்ணையால் அதை வாசிக்க முடியவில்லை. இங்கே பிறந்த தன் மகனிடம் கொடுத்துக் கதையைக் கேட்டிருக்கிறார். மகன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, மிதிவெடி எடுக்கிற ஒரு அம்மா, கடைசியில் அவ இல்லை, உடுப்பு மட்டும் தொங்குது என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வன்னிப் பெண், மிதிவெடி, ஆளில்லாத உடுப்பு. இந்த மூன்றையும் கேட்ட ஒரு தமிழருக்கு வேறு என்ன தோன்றும்? அம்மா இறந்துவிட்டார் என்றே அவர் முடிவு செய்தாராம். என்னிடம் கேட்டு என்னை நோகவைக்கக் கூடாது என்று கேட்காமலே விட்டாராம்.

5

விழாவன்று ரயில் பழுது. நான் மண்டபத்துக்குள் நுழையும்போது எல்லாரும் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே எங்கள் விழாக்கள் அகவணக்கத்தோடுதான் தொடங்கும். நானும் கதவடியில் பையை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். இறந்துபோன எல்லாரையும் நினைத்தேன். அப்பாவையும் நினைத்தேன். நினைத்து முடித்து நிமிர்ந்தேன்.

மேடையில் வெள்ளைத் துணி விரித்த ஒரு கதிரை. கதிரையில் என் அம்மா. மல்லிகையும் சிவப்பு ரோசாவும் கலந்து கட்டிய தடித்த மாலை, முகமூடிக்கு மேலால் விழுந்து இரண்டு பக்கமும் தொங்கியது. முன்னால் குத்துவிளக்கு எரிந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கும் படம் ஒன்றே ஒன்று, அது அப்பாவுடையது. இருக்கிற ஒருவரின் படத்தில் நாங்கள் ஒரு பூவைக்கூட வைக்கமாட்டோம். அந்த மண்டபத்தில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான். அவர்கள் கேலிக்குச் செய்யவில்லை. என் அம்மாவுக்காக உண்மையாகவே துக்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள்.

கைபேசி அதிர்ந்தது. அம்மா. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பயந்தால் மட்டும் அம்மாவின் வாயில் தோட்டத்துத் தமிழ் வரும்.

“என்னாடி புள்ள, நான் செத்துட்டேனா?”

இல்லை அம்மா, பிழை நடந்துவிட்டது என்று என்னவெல்லாமோ சொன்னேன். அதற்குள் அவர் சுதாரித்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, வன்னிப் பேச்சுக்குத் திரும்பினார்.

“சாந்தி ஆக்கள் இஞ்சதான் இருக்கினம். ஒருத்தியும் ரொட்டியைத் தொடேல்லை. இப்பிடியே விட்டா திங்கக்கிழமை என்னை லேனில இறக்க மாட்டினம். திங்கக்கிழமை மட்டுமில்லை, பிறகும் இறக்க மாட்டினம். மாலை விழுந்த ஆளுக்குப் பக்கத்து லேனில ஆர் பிள்ளை முழங்கால் குத்துவா? நானெண்டாலும் குத்த மாட்டன்.”

நான் இப்போதே போய் மாலையைக் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

“நீ கழட்டாத. போட்ட கைதான் கழட்ட வேணும். எல்லாரும் பாக்க. இவையளும் பாக்க வேணும்.”

அவர் தொடர்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி நேரலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பது தெரிந்தது. என் விழாவின் நாதஸ்வரம் தர்மபுரத்திலிருந்து எனக்குக் கேட்டது.

6

பரமநாதன் அண்ணையைத் திரைக்குப் பின்னால் பிடித்தேன். விஷயத்தையும் அம்மா கேட்டதையும் சொன்னதும் அவர் முகம் சாம்பலாகியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருக்குள் இருந்த சங்கத் தலைவர் திரும்பி வந்துவிட்டார். நகரசபையிலிருந்து பிரதிநிதி வந்து முன்வரிசையில் இருக்கிறார், சின்னப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் தொடங்குகிறது, இப்போது மேடையைக் குழப்பினால் சங்கத்தின் பெயர் என்ன ஆகும் என்றார். முடிந்த பிறகு பார்க்கலாமாம். பிறகு என்னைத் தேற்றுவதற்காக, “செத்தெண்டு கதை வந்தா ஆயுசு கூடும் தங்கச்சி. எங்கட ஆக்கள் சொல்லுறவை” என்றார்.

“அண்ணை, உங்கட அம்மா இருக்கிறாவோ?”

“ஓம். ஊரிலதான். ஏன்?”

“படம் ஒண்டு தாங்கோ. மாலை நான் வாங்கிறன். அவாவுக்கும் ஆயுசு கூடட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சரி, ஆனால் மாலையைப் போட்டது நான் இல்லை, ராணி அக்கா என்றார். அவாவிடம் இதை நான் எப்படிச் சொல்வேன் என்றார். அவர் ஏன் தயங்கினார் என்பது பிறகுதான் விளங்கியது.

ராணி அக்காவின் மகன் யுத்தத்தின் கடைசி மாதங்களில், உடையார்கட்டில் வைத்து, பதினேழு வயதில் காணாமல் போனவன். அக்கா கணவரோடும் மகளோடும் தப்பி, பிறகு இங்கே வந்தார். கணவர் இங்கே இறந்தார். வீட்டில் கணவரின் படத்துக்கு மாலை இருக்கிறது. பக்கத்தில் மகனின் படம் வெறுமையாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர், ஐயர் உட்பட, மகனுக்கும் ஒரு மாலையைப் போட்டு மனதை ஆற்றச் சொல்லிவிட்டார்களாம். அக்கா சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பூ கொண்டுவந்தால்கூட அந்தப் படத்துக்குக் கிட்ட வைக்கவிடமாட்டாராம். வன்னியில் இறந்த ஒரு தாய்க்கு மாலை போட அவாவைவிடத் தகுதியான ஆள் யார் என்று சங்கத்தில் யோசித்துத்தான் அவரை அழைத்திருக்கிறார்கள்.

நான் முன்வரிசைக்குப் போய் அக்காவின் கதிரையடியில் குந்தினேன். மேடையில் சின்னப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அந்தப் படத்தை வரைந்தவள், படத்தில் இருப்பது என் அம்மா, அம்மா இருக்கிறா என்று காதோடு சொன்னேன்.

“உயிரோடயோ?” என்றார்.

“ஓம் அக்கா.”

“உயிரோடயோ பிள்ளை?” மறுபடியும் கேட்டார். என் கையிலிருந்த கைபேசியைக் காட்டினேன். அம்மா லைனில்தான் இருக்கிறா என்றேன்.

அக்கா எழுந்தார். பரமநாதன் அண்ணை சைகை காட்டுவதையோ, ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளையோ அவர் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு நடுவால் நடந்து போனார். இரண்டு பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு விலகி நின்றார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா படத்தின் முன்னால் நின்று, இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிக் கழற்றினார். கழற்றும்போது பூக்கள் உதிர்ந்து கதிரையில் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், ஒரு இதழ்கூட விடவில்லை. விளக்கை வாயால் ஊதாமல் ஒரு பூவால் அணைத்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்தப் பிள்ளையின்ர தாய் இருக்கிறா. எங்களுக்குத் தெரியாமல் பிழை நடந்துபோச்சு. அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்கி, தட்டலாமா என்று யோசித்து நிறுத்தினார். நகரசபைப் பிரதிநிதி மட்டும், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, உற்சாகமாகக் கடைசி வரை தட்டினார்.

கைபேசியைக் காதில் வைத்தேன். தர்மபுரத்தில் யாரோ மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. அம்மா இல்லை, சாந்தி அக்கா. பிறகு அம்மா வந்தார்.

“பார்த்தம். நல்ல மனிசி” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா பிள்ளை, ஒரு நிமிசம் எழும்பி நிண்டதுகள், ஒண்டும் அழேல்லையே” என்றார்.

7

அம்மா பகிடி விட்டார் என்றாலும் முடிவு சாந்தி அக்காவின் கையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாந்தி அக்கா அம்மாவைத் தலைக்கு முழுகவைத்து, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அம்மாவின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தார். ஆனால் இறக்குவேன் என்றும் சொல்லவில்லை, இறக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்குக் கையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். அந்த வேலைக்கு வெளியே அம்மாவுக்கு வேறு உலகம் இல்லை. வெடி எடுக்கும் வேலை முடியும்போது தானும் ஓய்வெடுப்பதுதான் அவர் விருப்பம். ஒரு மாலையால் நின்றுபோக அவர் மனம் இடம் கொடுக்காது.

திங்கட்கிழமை காலை நான் வதிவிட அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில் இருந்தேன். அவர்கள் ஒதுக்கித் தந்த நாளைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்க மாதக்கணக்காகும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர், சித்திரக்கதை வரைவது ஒரு தொழிலா, அதற்கு முதலாளி யார், வேலை செய்யும் இடம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி இல்லை, இடம் என் வீட்டுக் குசினி மேசை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லிச் சுவரில் எழுதியிருந்தது. நான் அணைக்கவில்லை. அங்கே வேலை முடிந்து லொறி திரும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

குறுஞ்செய்தி வந்தது. சாந்தி அக்காவின் எண். ஒரு படம். லேனில், முழங்காலில், முதுகு காட்டி, அம்மா. பக்கத்து லேனில், பல் கனவு கண்ட அதே பெட்டை. கீழே ‘கை நடுங்கேல்லை’ என்று எழுதியிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், மனிதத்தன்மை உள்ளவர்தான், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். என் அம்மா இன்று வேலைக்குப் போயிருக்கிறார் என்று பிரெஞ்சில் சரியாகவே சொன்னேன். அவர் பிறகு ஒன்றும் கேட்காமல் என் கைரேகையை எடுத்தார்.

8

இத்தோடு முடிந்ததென்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு சிறு நகரத்தில் சித்திரக்கதை விழா. ஞாயிறு மத்தியானம். என் வரிசையில் இறக்கை கட்டிய ஒரு பெண், அவளுக்குப் பின்னால் தகரக் கவசத்தோடு ஒரு வீரன், அவனுக்குப் பின்னால் சேலையும் குளிர்ச்சட்டையுமாக ராணி அக்கா நின்றார். கையில் என் புத்தகம். மகளிடம் சொல்லாமல் தனியாக ரயில் ஏறி வந்திருக்கிறார். முன்னுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். வரமாட்டேன், எல்லாரும் நிற்கிறார்கள் என்று கையைக் காட்டினார். தன் முறை வரும் வரைக்கும், அந்த வீரனின் வாள் இடிக்காமல் விலகி விலகி நின்றார்.

புத்தகத்தை விரித்து வைத்தார். என்ன படம் வேண்டும் என்று கேட்டேன். உங்கள் அம்மாவை முகமூடி இல்லாமல் வரையுங்கள் என்றார். முகமூடி இல்லாமல் வரையமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். அப்படியென்றால் கேட்டுப் பாருங்கள் என்றார். நேரத்தைப் பார்த்தேன். அங்கே பின்னேரம், அம்மா வீட்டில்தான். வீடியோவில் அழைத்தேன். அம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அந்த மனிசிக்கு மட்டும் வரைந்து கொடு என்றார். அக்கா கைபேசிக்குக் கை நீட்டினார். கொடுத்துவிட்டு நான் வரையத் தொடங்கினேன்.

இருவரும் முதலில் சுகம் விசாரித்தார்கள். முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் என்று கதைத்தார்கள். மழை பெய்ததா என்று அக்கா கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கைபேசியை முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தார்.

“நீங்கள் உடையார்கட்டுப் பக்கமும் வேலை செய்தனீங்களோ?”

என் பேனை நின்றது. மண் கிளறுகிறவர்களின் கையில் வெடி மட்டும் அகப்படுவதில்லை. உடுப்பு அகப்படும். செருப்பு, சீப்பு, அடையாளத் தகடு அகப்படும். எலும்பும் அகப்படும். அப்போது வேலையை நிறுத்தி, கயிறு கட்டி, மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். இதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் நான் அதை வரையவில்லை. அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. அக்காவின் மகனைப் பற்றி அம்மாவுக்கும் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

“ஓம் அக்கா” என்றார் அம்மா. “ரெண்டு வருசம் நிண்டனான். பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் காணி முழுக்க நாங்கள்தான் எடுத்தனாங்கள்.”

அக்கா தலையை ஆட்டினார். வாய் திறந்தது. இறக்கை கட்டிய பெண்ணும் வீரனும் படம் வாங்கிக்கொண்டு போயும் போகாமல் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்தார்கள், மொழி தெரியாமலே. அம்மா திரையில் அசையாமல் காத்திருந்தார். கண்ணை எடுக்கவில்லை.

“அப்ப சரி” என்றார் அக்கா. “பிள்ளை வரையுது. கவனமா வேலை செய்யுங்கோ.” கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டார்.

படத்தை முடித்துக் கொடுத்தேன். மை காயும் வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார். நான் கூட வருகிறேன் என்றதற்கு, உங்களுக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்று மறித்துவிட்டார்.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். அந்தக் காணியில் என்ன கண்டீர்கள் என்று அவா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று.

“கண்டதைச் சொல்லியிருப்பன். பொய் சொல்ல எனக்கு வராது. அது என்ர முகத்தில தெரிஞ்சிருக்கும். அதுதான் அவா கேக்கேல்லை.”